இருபது முகப் பகடையும் ஒரு இலவச லைசென்ஸும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எந்த சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்தாலும் பாதி வழியில் ஒரு நீளமான ஆங்கில அறிக்கை வந்து நிற்கும். அதில் ஒரு வரியைக் கூடப் படிக்காமல் 'ஐ அக்ரீ' பட்டனில் கிளிக் செய்துவிட்டு நகர்ந்து விடுவோம். அந்த அறிக்கைதான் லைசென்ஸ். அந்த சாப்ட்வேரை வைத்து நீங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. "ஓப்பன் லைசென்ஸ் என்றால் இலவசம், அவ்வளவுதானே?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இலவசம் என்பது அதில் ஒரு பாதிதான். ஒரே பொருள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்து, எல்லோரும் அதை வைத்தே வியாபாரம் செய்ய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பது மறு பாதி.

இந்த மறு பாதியை விளக்க லினக்ஸை எடுத்துக் கொள்ளலாம். ஆனால் நான் கம்ப்யூட்டரே தேவைப்படாத ஒரு விளையாட்டை எடுத்துக் கொள்கிறேன். அமெரிக்காவில் மேஜையில் உட்கார்ந்து ஆடும் ரோல்பிளேயிங் கேம். சாப்ட்வேர் உலகத்தின் லைசென்ஸ் யோசனையை அப்படியே எடுத்துப் போட்டுக் கொண்ட சந்தை அது. 2000-ல் அந்த லைசென்ஸ் வந்தது. நான்கைந்து வருடத்திற்குள் கடைகள் நிரம்பி வழிந்து, பல கம்பெனிகள் காணாமலும் போய்விட்டன.

இது என்ன விளையாட்டு?

நான்கைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துபவர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன் என்று. "கதவுக்குப் பின்னால் உறுமல் சத்தம் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்பார் நடத்துபவர். "கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், கதவு உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். நம் வீட்டுப் பகடைக்கு ஆறு முகம். இதற்கு இருபது முகம். திரை கிடையாது, மவுஸ் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் கேம்களில் நீங்கள் பார்க்கும் லெவல், ஹிட் பாயின்ட், எக்ஸ்பீரியன்ஸ் பாயின்ட் எல்லாம் இந்த மேஜையிலிருந்து போனவைதான்.

இந்த வகையில் முதலில் அச்சாகி விற்பனைக்கு வந்தது 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் இருவரும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமாக டி அண்ட் டி. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சின்ன ஊரிலிருந்த டி.எஸ்.ஆர். என்ற கம்பெனி வெளியிட்டது.

ஆரம்ப வருடங்களில் மற்றவர்கள் புதிதாக யோசித்தார்கள். 1977-ல் வந்த 'டிராவலர்' விளையாட்டில் உங்கள் பாத்திரம் ராணுவத்திலோ கப்பலிலோ வேலை பார்த்த பழைய வாழ்க்கையைப் பகடை போட்டே உருவாக்க வேண்டும். அதில் விளையாட்டு தொடங்கும் முன்பே பாத்திரம் செத்துப் போகவும் வாய்ப்பு உண்டு! 1981-ல் வந்த 'கால் ஆப் கதுலு' ஒரு பேய்க்கதை விளையாட்டு. அதில் உடல் பலத்தை விட மனநிலைக்கான பாயின்ட்தான் முக்கியம். கதை நகர நகர அது குறைந்து கொண்டே போகும். விதியே பயத்தை உண்டாக்குகிறது, பாருங்கள். புதுமை என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. விதிப் புத்தகம் ஒன்று வாங்கினால் ஒரு குழுவுக்கு வருடக்கணக்கில் போதும். கம்பெனி நடக்க வேண்டுமானால் மேலும் மேலும் துணைப் புத்தகங்கள் போட்டுக் கொண்டே இருக்க வேண்டும். 1990-களில் டி.எஸ்.ஆர். அதைத்தான் செய்தது. பாலைவன உலகம், பேய் உலகம், விண்வெளிக் கப்பல் உலகம், அரேபியக் கதை உலகம் என்று ஒரே விளையாட்டுக்குப் பத்து உலகங்கள். ஒரு உலகத்தில் ஆடுபவர் மற்ற ஒன்பதை வாங்க மாட்டார் அல்லவா? வாசகர்கள் கூடவில்லை, பிரிந்தார்கள். விற்காத சரக்கு புத்தகக் கடைகளிலிருந்து திரும்பி வந்தது. 1997-ல் கம்பெனியையே வேறொருவர் வாங்க வேண்டியதாயிற்று. வாங்கியது 'மேஜிக்' சீட்டு விளையாட்டால் பணம் பார்த்திருந்த விசார்ட்ஸ் ஆப் தி கோஸ்ட். அதை 1999-ல் பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ வாங்கியது.

சாப்ட்வேரிலிருந்து ஒரு யோசனை

விசார்ட்ஸில் டி அண்ட் டி பிரிவைக் கவனித்தவர் ரையன் டான்சி. அவருக்கு வழிகாட்டியது ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கிய ஜி.பி.எல். லைசென்ஸ். லினக்ஸ் எந்த லைசென்ஸில் வருகிறதோ அதே லைசென்ஸ். சோர்ஸ் கோடை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். ஆனால் மாற்றியதை வெளியே கொடுத்தால் அதையும் அதே உரிமையோடு திறந்து வைக்க வேண்டும்.

டான்சியின் கணக்கு எளிமையானது. கதைப் புத்தகம் போடுவதில் லாபம் குறைவு. அதை மற்றவர்கள் போடட்டும். எல்லோரும் ஒரே விதியில் போட்டால், அத்தனை வாசகர்களும் கடைசியில் நம் விதிப் புத்தகத்தைத்தான் வாங்க வேண்டும். விண்டோஸுக்கு எத்தனை பேர் சாப்ட்வேர் எழுதினாலும் விண்டோஸ்தானே விற்கும், அது போல.

2000-ல் இரண்டு லைசென்ஸ்கள் வந்தன. இரண்டையும் பலர் இன்றும் குழப்பிக் கொள்கிறார்கள். முதலாவது ஓப்பன் கேம் லைசென்ஸ், அதாவது ஓ.ஜி.எல். விதிகளின் எழுத்து வடிவத்தை, படங்கள் இல்லாமல், ஆர்.டி.எப். பைல்களாக வெப்சைட்டில் வைத்தார்கள். அன்றைய விண்டோஸில் இருந்த வேர்ட்பேடிலேயே அது திறக்கும். காப்பி, பேஸ்ட் செய்து உங்கள் புத்தகத்தில் போட்டுக் கொள்ளலாம். காசு கிடையாது, அனுமதிக் கடிதம் கிடையாது. இரண்டாவது டி20 லோகோ லைசென்ஸ். அட்டையில் அந்த லோகோவைப் போட்டால் கடைக்காரருக்கு 'இது டி அண்ட் டியோடு சேரும்' என்று தெரியும். ஆனால் இதில் கிடுக்கிப்பிடி இருந்தது. பாத்திரத்தை உருவாக்கும் முறையையும், அனுபவம் சேர்ந்து அது வளரும் முறையையும் உங்கள் புத்தகத்தில் எழுதக்கூடாது. அதற்கு விசார்ட்ஸ் புத்தகத்தைத்தான் வாங்க வேண்டும். இந்த லைசென்ஸை அவர்கள் நினைத்த நேரத்தில் மாற்றலாம் என்பதும் உள்ளேயே எழுதியிருந்தது. 2003-ல் மாற்றியும் காட்டினார்கள்.

வெள்ளம்

2000 ஆகஸ்டில் மில்வாக்கி நகரில் நடந்த ஜென் கான் விளையாட்டுத் திருவிழாவில் டி அண்ட் டி மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. அதே திருவிழாவில் வேறு சின்னக் கம்பெனிகளின் கதைப் புத்தகங்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. கிரீன் ரோனின் போட்ட 'டெத் இன் ப்ரீபோர்ட்', அட்லஸ் கேம்ஸ் போட்ட 'த்ரீ டேஸ் டு கில்'. ஒயிட் உல்ப் கம்பெனியார் இன்னும் ஒரு படி மேலே போய், விசார்ட்ஸின் சொந்த அரக்கர் புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே தங்கள் அரக்கர் புத்தகத்தை இறக்கினார்கள்.

முதலில் வந்தவை எல்லாம் விற்றன. மூன்றாம் பதிப்பு சூடாக இருந்தது, துணைப் புத்தகங்களுக்குப் பசி இருந்தது. இதைப் பார்த்ததும் வீட்டில் கம்ப்யூட்டரும் ஒரு பேஜ் லே-அவுட் சாப்ட்வேரும் வைத்திருந்தவர்கள் எல்லாம் பதிப்பாளர் ஆகிவிட்டார்கள். விதி எழுத வேண்டாம், சோதித்துப் பார்க்க வேண்டாம், வாசகருக்கு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். அதெல்லாம் ரெடிமேடாக இருக்கிறது. மீதி என்ன? புதிதாக ஐம்பது மந்திரம், முப்பது வாள், இருபது அரக்கன், ஏழெட்டு பாத்திர வகை. போதும், புத்தகம் ரெடி.

இன்னொன்றும் நடந்தது. ஏற்கெனவே சொந்த விதி வைத்திருந்த விளையாட்டுகளும் டி20 அச்சில் தங்களை ஊற்றிக் கொண்டன. 'டெட்லாண்ட்ஸ்' 2001-ல், 'டிராவலர்' 2002-ல், 'கால் ஆப் கதுலு'வும் 2002-ல். மேலே சொன்ன பேய்க்கதை விளையாட்டை நினைத்துப் பாருங்கள். டி20 விதியின் உயிரே பாத்திரம் லெவல் ஏறி ஏறி பலசாலி ஆவதுதான். ஆடுபவர் நாளுக்கு நாள் பலசாலி ஆகிக் கொண்டே போனால் அது பேய்க்கதையாக எப்படி இருக்கும்? அந்தப் பதிப்பை எழுதியவர்கள் திறமைசாலிகள், புத்தகமும் அழகானது. இருந்தாலும் விதி ஒரு பக்கம் இழுக்க, கதை ஒரு பக்கம் இழுப்பது தெரிகிறது.

அந்தக் காலத்துப் புத்தகங்களில் ஒரு டஜனை பி.டி.எப். வடிவில் பண்டிகைத் தள்ளுபடியில் மொத்தமாக வாங்கிப் படித்தேன். ஒன்றின் நடுப்பக்கத்தை எடுத்து இன்னொன்றில் வைத்தால் கண்டுபிடிக்க முடியாது. எழுத்துப் பிழையைத் திருத்தக் கூட யாருக்கும் நேரம் இருந்ததாகத் தெரியவில்லை. அதில் மனதில் நின்றது ஒரு துறைமுக ஊரைப் பற்றிய புத்தகம் மட்டும்தான். அதற்குக் காரணம் விதி அல்ல, ஊர்தான்.

கடைக்காரர் நிலையைப் பாருங்கள். நகரத்தில் சின்னதாக ஒரு கேம் கடை. மொத்த வியாபாரியின் பட்டியலில் மாதா மாதம் டி20 லோகோ போட்ட புதிய பெயர்கள் வந்து குவிகின்றன. எதையும் அவர் படித்துப் பார்க்க முடியாது. ஆரம்பத்தில் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று எடுத்தார், விற்றது. பிறகும் அதே போல் எடுத்தார், விற்கவில்லை. இந்தத் தொழிலில் வாங்கிய சரக்கைப் பொதுவாகத் திருப்பிக் கொடுக்க முடியாது. அவர் பணம் அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த மாதம் நல்ல புத்தகம் ஒன்று வந்தாலும் அவரிடம் பணமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. மோசமான புத்தகம் நல்ல புத்தகத்தின் இடத்தையும் அடைத்துக் கொண்டது என்பதுதான் இதில் எனக்கு வருத்தமான விஷயம்.

இந்த நேரத்தில் 2003 ஜூலையில் விசார்ட்ஸ் 3.5 பதிப்பை வெளியிட்டது. சின்னச் சின்ன மாற்றங்கள்தான். ஆனால் வாசகர் கண்ணுக்கு அலமாரியில் இருந்த அத்தனையும் ஒரே நாளில் 'பழைய வெர்ஷன்' ஆகிவிட்டது. தள்ளுபடிப் பெட்டிகள் நிறைந்தன. பல சின்னப் பதிப்பாளர்கள் கடையைக் கட்டினார்கள்.

தப்பித்தவர்கள்

கிரீன் ரோனின் 2002-ல் 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' என்ற சூப்பர் ஹீரோ விளையாட்டை வெளியிட்டது. எழுதியவர் ஸ்டீவ் கென்சன். ஓ.ஜி.எல். விதிகளை எடுத்தார்கள், ஆனால் டி20 லோகோவைப் போடவில்லை. லோகோ இல்லாததால் பாத்திரம் உருவாக்கும் விதியையும் தாங்களே எழுதலாம். இருபது முகப் பகடையைத் தவிர வேறு பகடை வேண்டாம் என்றார்கள். அடிபட்டால் ஹிட் பாயின்ட்டைக் கழிக்கும் முறையையே எடுத்துவிட்டு வேறு முறை வைத்தார்கள். காமிக்ஸில் ஹீரோ அடி வாங்கினால் எண் குறைவதில்லை, தள்ளாடுவார், விழுவார், எழுவார். விதியும் அப்படி ஆயிற்று. எங்கள் பாஷையில் சொன்னால், லைப்ரரியை மட்டும் எடுத்துக் கொண்டு ப்ரோக்ராமைச் சொந்தமாக எழுதினார்கள். அந்த விளையாட்டு அடுத்தடுத்த பதிப்புகள் கண்டது.

அவர்களுடைய ப்ரீபோர்ட் நகரமும் தப்பித்தது. 2007-ல் அந்த நகரத்தைப் பற்றிய புத்தகத்தை எந்த விதியும் சேர்க்காமல், யாரும் எந்த விளையாட்டிலும் பயன்படுத்தும்படி வெளியிட்டார்கள்.

2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது டி20 லோகோ லைசென்ஸை விசார்ட்ஸ் திரும்பப் பெற்றுக் கொண்டது. ஆனால் ஓ.ஜி.எல். அப்படியே இருந்தது. பைசோ என்ற கம்பெனி 3.5 விதிகளை ஓ.ஜி.எல்.லில் எடுத்து, திருத்தி, 2009-ல் 'பாத்பைண்டர்' என்ற பெயரில் வெளியிட்டது. 2011-ல் கடைக்காரர்களிடம் எடுத்த விற்பனைப் பட்டியலில் அது டி அண்ட் டியையே முந்தியது! 'இது புதுமையா, காப்பியா?' என்று கேட்டால் விதியில் பெரும்பாலும் காப்பிதான். ஆனால் பைசோவிடம் மாதா மாதம் வரும் நீண்ட தொடர்கதைகள் இருந்தன, சொந்தமாக ஒரு உலகம் இருந்தது. விதியை அவர்கள் பாதுகாத்ததே அந்தக் கதைகளை நடத்துவதற்காகத்தான்.

இதற்கு நேர் எதிர் ரகம் ஒன்று உண்டு. ரான் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு ஆசிரியர் 2002-ல் ஒரு கட்டுரையில் அதற்குப் பெயரே வைத்தார்: 'பேண்டசி ஹார்ட்பிரேக்கர்'. நெஞ்சை உடைப்பவை. டி அண்ட் டி ஒன்றை மட்டுமே ஆடிப் பழகியவர், கைக்காசு போட்டு, சொந்தமாக ஒரு விளையாட்டை அச்சடிப்பார். தொண்ணூறு சதவீதம் டி அண்ட் டியேதான், ஆனால் அவருக்கு அது தெரியாது. நடுவில் எங்கோ ஒரு பக்கத்தில் நிஜமாகவே அருமையான ஒரு யோசனை இருக்கும். அந்த ஒரு பக்கத்தை எடுத்துத் தனி விளையாட்டாகச் செய்திருந்தால்? அதுதான் நெஞ்சை உடைக்கிறது.

இப்போது அலமாரி கம்ப்யூட்டருக்குள்

2001-ல் ஆர்.பி.ஜி.நவ், 2004-ல் டிரைவ்த்ரூஆர்பிஜி என்று பி.டி.எப். விற்கும் வெப்சைட்டுகள் வந்து பின்னர் ஒன்றாக இணைந்தன. அச்சுக்கூலி இல்லை, கிடங்கு இல்லை, திரும்பி வரும் சரக்கும் இல்லை. கடைக்காரர் நஷ்டப்படுவது நின்றது. ஆனால் தேடல் பெட்டியில் ஒரு சொல்லை டைப் செய்தால் பக்கம் பக்கமாக வந்து விழுகிறது. உங்கள் போனில் டார்ச் லைட் ஆப் தேடினால் ஒரே மாதிரி எத்தனை வருகின்றன, அது போலத்தான்.

புதுமையும் அச்சாகிவிடும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் 2010-ல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்'. வின்சென்ட் பேக்கர், மெகி பேக்கர் என்ற தம்பதியர் எழுதியது. இரண்டு ஆறுமுகப் பகடை. கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி, 7 முதல் 9 வரை வந்தால் வெற்றி கிடைக்கும், ஆனால் கூடவே ஒரு தொல்லையும் வரும். இந்த 'ஆனால்'தான் கதையை நகர்த்துகிறது. மிகப் புதிய யோசனை. ஆசிரியர்கள் மற்றவர்களும் பயன்படுத்த அனுமதித்தார்கள். சில வருடங்களில் அதே முறையில் ஏராளமான விளையாட்டுகள். சில அற்புதமானவை. பல, பெயரை மட்டும் மாற்றிய அதே விளையாட்டு.

எழுதும் உழைப்பும் இப்போது குறைந்துவிட்டது. ஏ.ஐ. எழுதித் தரும் புத்தகங்கள் வரத் தொடங்கியதும், பெரும்பகுதி ஏ.ஐ. எழுதிய புத்தகங்களை விற்பனைக்கு ஏற்பதில்லை என்று 2023-ல் டிரைவ்த்ரூஆர்பிஜி அறிவித்தது.

ஒரு சொல் இல்லாததால்

அதே 2023 ஜனவரியில் ஓ.ஜி.எல்.லை விசார்ட்ஸ் மாற்றப் போகிறது என்ற நகல் ஒன்று வெளியே கசிந்தது. வருடத்திற்கு 7,50,000 டாலருக்கு மேல் வரும் வருமானத்தில் 25 சதவீதம் வரை பங்கு, பழைய லைசென்ஸ் செல்லாது என்றெல்லாம் அதில் இருந்தது. பழைய லைசென்ஸில் 'நிரந்தரமானது' என்ற சொல் இருக்கிறது. 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை. இருபத்து மூன்று வருடம் அந்த லைசென்ஸை நம்பிப் பிழைத்தவர்கள் அந்த வாரம் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசியுங்கள். எதிர்ப்பு பலமாக வந்ததால் விசார்ட்ஸ் பின்வாங்கியது. ஜனவரி 27-ல் ஐந்தாம் பதிப்பின் விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் வெளியிட்டது. திரும்பப் பெற முடியாது என்பது அந்த லைசென்ஸில் தெளிவாகவே இருக்கிறது.

நீங்களே பார்க்க விரும்பினால்

'எஸ்.ஆர்.டி. 5.1' என்று தேடினால் டி அண்ட் டி பியாண்ட் வெப்சைட்டில் அந்த பி.டி.எப். கிடைக்கும். சுமார் 400 பக்கம். 2025-ல் 5.2 என்ற புதிய தொகுப்பும் வந்துவிட்டது. டவுன்லோட் செய்ய ஒரு பைசா தர வேண்டாம். அடோபி ரீடரோ, உங்கள் பிரவுசரோ போதும், திறந்துவிடும்.

அதை வைத்துக் கதை ஒன்று எழுதி உங்கள் பெயரில் விற்க நினைத்தால், முதலில் வேர்டில் ஒரு புதிய பைலைத் திறந்து, எஸ்.ஆர்.டி.யில் இல்லாதவற்றை மட்டும் எழுதிப் பாருங்கள். ஊர், ஆட்கள், அவர்களுக்குள் இருக்கும் பகை. அதுவே இருபது பக்கம் வந்தால் தொடரலாம். எஸ்.ஆர்.டி.யிலிருந்து காப்பி செய்தது போக இரண்டு பக்கம்தான் மிஞ்சுகிறது என்றால் அந்த இரண்டு பக்கத்தை வளர்க்கப் பாருங்கள். எந்த விதியை எடுத்தாலும் விசார்ட்ஸின் பெயரைக் குறிப்பிட்டு ஒரு அறிவிப்பு போட வேண்டும் என்பது லைசென்ஸின் நிபந்தனை. அந்த வாசகத்தை நீங்கள் யோசிக்க வேண்டாம்; எஸ்.ஆர்.டி.யின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது, காப்பி செய்து கொள்ளுங்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரையும் லோகோவையும் மட்டும் அட்டையில் போட்டுவிடாதீர்கள். அவை டிரேட்மார்க், இந்த லைசென்ஸில் அடங்காது.